மரக்கட்டையில் பிறந்ததா மங்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் சில மாதங்களுக்குள், மரக்கட்டை அச்சுப் படங்களால் புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாயின் பெயர் காதில் விழுந்துவிடும். கூடவே ‘எண்ணூறு ஆண்டு மரபு’ என்ற பெருமையும் வந்து சேரும். இதில் எது உண்மை, எது ஏற்றிச் சொன்னது என்று பிரித்துப் பார்க்க விரும்புபவர்களுக்காக இந்தப் பக்கம். ‘எடோ’ என்று வரும் இடமெல்லாம் இன்றைய டோக்கியோ. தொக்குகாவா வம்சத்து ஷோகுன்கள், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர்கள், 1603 முதல் 1868 வரை நாட்டை ஆண்டது அங்கிருந்துதான். ஓவியர்களை அவர்களின் ஓவியப் பெயராலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

மங்காவின் தந்தை ஹொகுசாய் என்கிறார்களே, சரியா?

எனக்கு உடன்பாடில்லை. 1814-இல் ‘ஹொகுசாய் மங்கா’ என்ற படப்புத்தகம் வெளிவந்தது. அது உலகப் புகழ் பெற்றது. பெயர் ஒன்றாக இருந்ததால் பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் புத்தகத்தில் கதை கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் தொடரும் பாத்திரமும் கிடையாது.

கதை, பாத்திரம், வசனம், நக்கல், மலிவு விலை ஆகிய ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்திருந்த பொருள் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே எடோ கடைகளில் விற்பனையில் இருந்தது. கிப்யோஷி எனப்படும் மஞ்சள் அட்டைப் புத்தகங்கள் அவை. மூதாதை யார் என்று தேடுபவர்கள் அங்கேதான் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஹொகுசாயே இளம் வயதில் மஞ்சள் அட்டைப் புத்தகங்களுக்குப் படம் போட்டவர். தொகிதாரோ என்ற புனைபெயரில் கதையும் எழுதியவர்.

அப்படியானால் ‘ஹொகுசாய் மங்கா’வில் என்னதான் இருக்கிறது?

1812-இல் நகோயா நகருக்குப் போன ஹொகுசாய், தன் மாணவர் மாகி போகுசென் வீட்டில் தங்கினார். அப்போது வரைந்து தள்ளிய சுமார் முந்நூறு படங்கள்தான் முதல் தொகுதியின் அடிப்படை. நகோயாவைச் சேர்ந்த எய்ராகுயா என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. ஓவியம் கற்பவர்களும் கைவினைஞர்களும் பார்த்து வரைவதற்கான மாதிரிப் புத்தகம் என்பதே நோக்கம். அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. அடுத்தடுத்துத் தொகுதிகள் வந்தன. ஹொகுசாய் 1849-இல் இறந்த பிறகும் நிற்கவில்லை. 15-ஆவதும் கடைசியுமான தொகுதி 1878-இல் வந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நாலாயிரம் படங்கள். கருப்பு, சாம்பல், வெளிறிய தோல்நிறம் என்ற மூன்றே நிறங்கள்.

உள்ளே என்ன இல்லை என்று கேட்பதுதான் எளிது. மீன், பூச்சி, மழை, பாலம், துப்பாக்கியின் உறுப்புகள், துறவிகள், பேய்கள், குளிக்கும் பருத்த மனிதர்கள். எட்டாம் தொகுதியில் கொழுத்தவர்களும் ஒல்லியானவர்களும் தனித்தனிப் பக்கங்களில் கூட்டமாக வருகிறார்கள். மூன்றாம் தொகுதியில் சிட்டுக்குருவி நடனம் ஆடும் ஆட்களை அடுத்தடுத்த நிலைகளில் வரைந்திருக்கிறார். கண்ணை வேகமாக ஓட்டினால் ஒரே ஆள் ஆடுவதுபோலத் தோன்றும்.

பன்னிரண்டாம் தொகுதியில் ஒரு படம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய மனிதரான ஒரு சாமுராய் கழிப்பறைக்குள் குந்தியிருக்கிறார். வெளியே அவருடைய பரிவாரம் காத்திருக்கிறது. ஒவ்வொருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். வாளும் மரியாதையும் அப்படியே இருக்க, மூக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஒரே சட்டத்துக்குள் சிரிப்பைக் கட்டும் திறமை இதுதான். இதைத்தான் பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது.

‘மங்கா’ என்ற பெயரை வைத்தவராவது அவர்தானா?

அதுவும் இல்லை. எழுத்தாளர் சாந்தோ கியோதென் 1798-இலேயே ஒரு படப்புத்தகத்தின் முன்னுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். ஹொகுசாய் அதைப் பரவலாக்கினார், அவ்வளவுதான்.

முயலும் தவளையும் மல்யுத்தம் செய்யும் பழைய சுருள் ஓவியம்தானே முதல் மங்கா?

கியோதோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான நான்கு சுருள்கள் அவை. 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தோபா சோஜோ என்ற துறவி வரைந்ததாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இன்று பலருடைய கைவண்ணம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தவளை முயலைத் தூக்கி எறியும் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் கார்ட்டூன் நினைவு வரத்தான் செய்யும்.

ஆனால் அது ஒரே ஒரு படி. கோயிலில் பாதுகாக்கப்பட்டது. சந்தைக்குப் போன பொருள் அல்ல. அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் எண்ணிக்கை மிகச் சொற்பமாக இருந்திருக்கும். மரக்கட்டை அச்சு வந்த பிறகுதான் கேலிப்படம் தெருவுக்கு இறங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒசாகா பதிப்பாளர்கள் குச்சிக் கைகால்களும் புள்ளிக் கண்களும் அகன்ற வாயும் கொண்ட மனிதர்களை அச்சிட்டு விற்றார்கள். பழைய துறவியின் புகழைக் கடன் வாங்கி அவற்றுக்குத் ‘தோபா-எ’, அதாவது தோபா படங்கள், என்று பெயர் சூட்டினார்கள். விற்பனைக்கு உதவும் என்றால் எந்தப் பெரியவரையும் விட்டுவைக்காத தொழில் அது.

ஒரு பக்கம் மரக்கட்டையிலிருந்து எப்படித் தாளுக்கு வந்தது?

நான்கு பேர் தேவை: பதிப்பாளர், ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர். பணம் போடுவதும், எது விற்கும் என்று முடிவெடுப்பதும் பதிப்பாளர்தான். இன்று அருங்காட்சியகச் சுவரில் ஓவியர் பெயர் மட்டும் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதை மலைச் செர்ரி மரப்பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டுவார். தாளின் முதுகை விரலால் மெல்லத் தேய்த்து உரிப்பார். கடைசியில் பலகைமேல் இருப்பது கிட்டத்தட்டக் கோடுகள் மட்டும். பிறகு ஒவ்வொரு கோட்டின் இரு ஓரத்திலும் கத்தி ஓடும். மிச்சமுள்ள இடத்தை உளி அகற்றும். ஓவியர் கைப்பட வரைந்த மூலம் அத்துடன் அழிந்துவிடும். நாம் இன்று ‘ஹொகுசாயின் கோடு’ என்று வியப்பது உண்மையில் பெயர் தெரியாத ஒரு செதுக்குபவரின் கத்தி போன வழி.

பட்டறைக்குள்ளும் படிநிலை உண்டு. முகத்தையும் தலைமுடியையும் கைதேர்ந்தவர் செதுக்குவார். நெற்றியோரத்தில் முடி தொடங்கும் இடத்தில் மயிரிழைக் கோடுகளைத் தனித்தனியாக நிறுத்துவதுதான் உச்சகட்டச் சோதனை. ஆடையும் பின்னணியும் சீடர்களின் பங்கு. இன்றைய மங்கா ஓவியர் முகத்தைத் தானே வரைந்துவிட்டுக் கட்டடங்களை உதவியாளர்களிடம் தள்ளுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

அச்சிடும்போது இயந்திரம் எதுவும் கிடையாது. நீரில் கரைத்த நிறத்தைக் கட்டையில் தூரிகையால் பூசி, ஈரப்பதமான தாளை மேலே வைத்து, மூங்கில் மடலால் சுற்றிய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகைத் தேய்ப்பார்கள். நிறத்துக்கு ஒரு கட்டை. எல்லாக் கட்டையிலும் ஒரே இடத்தில் தாள் உட்கார, ஒரு மூலையில் ‘ட’ வடிவ வெட்டும் பக்கவாட்டில் ஒரு நேர்வெட்டும் இருக்கும். இந்த நேர்க்குறிகளைக் கொண்டு 1765 வாக்கில் சுசுகி ஹாருனோபுவின் படங்களில் முழு வண்ண அச்சு மலர்ந்தது. கதைப் புத்தகங்களோ பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலேயே நின்றன. காரணம் செலவு. இன்றைய வார இதழ் மங்காவும் அதே காரணத்தால்தான் கருப்பு வெள்ளை.

இன்னொரு நுணுக்கம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, நடுவில் மடித்து, மடிப்பு வெளிப்புறம் வரும்படி தைப்பார்கள். ஆகவே புத்தகத்தை விரித்தால் வலப்பக்கம் ஒரு தாளின் பின்பாதி, இடப்பக்கம் அடுத்த தாளின் முன்பாதி. இரண்டு பக்கங்களில் விரியும் ஒரு காட்சியை வெவ்வேறு கட்டைகளில் வெட்டி, தையலில் வந்து சேரும்படி கணக்குப் போட வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்தும் இரட்டைப் பக்கக் காட்சியை அவர்கள் விடவில்லை.

எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை தெரிந்திருந்தும் ஏன் கட்டையையே பிடித்துக்கொண்டார்கள்?

தெரிந்துதான் இருந்தது. 1590-இல் சேசு சபையினர் கோவா வழியாக ஓர் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். (1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டதும் இதே சபைதான்.) அதே பத்தாண்டில் கொரியப் படையெடுப்பிலிருந்தும் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. சில பத்தாண்டுகள் அந்த முறையில் அழகான நூல்கள் வந்தன. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லோரும் கட்டைக்கே திரும்பிவிட்டார்கள்.

இதைப் பின்தங்கிய போக்கு என்று எழுதுபவர்கள் கணக்குப் புரியாதவர்கள். ஜப்பானியக் கையெழுத்தில் எழுத்துகள் கொடிபோல ஒன்றோடொன்று பின்னி ஓடும். கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு போட வேண்டும். தனித்தனி எழுத்துத் துண்டுகளுக்கு இது ஒத்துவராது. கோத்த எழுத்தை அடுத்த வேலைக்காகக் கலைத்தாக வேண்டும். செதுக்கிய கட்டையை அலமாரியில் வைத்து, கேட்பவர்கள் வந்தால் பத்து ஆண்டு கழித்தும் அச்சிடலாம். அவசரத்துக்கு இன்னொரு பதிப்பாளரிடம் விற்கவும் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டைக்கு எழுத்தும் படமும் ஒன்றே. இரண்டும் கோடு, இரண்டையும் அதே கத்திதான் வெட்டுகிறது. ஆகவே வசனத்தைக் கிமோனோவின் ஓரத்தில் செருகலாம், மரக்கிளைக்கு அடியில் வளைக்கலாம், பேசுபவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம். அதே காலத்தில் ஐரோப்பாவில் எழுத்து ஈயத்திலும் படம் செம்பிலும் தனித்தனியாகப் பிறந்து, தனித்தனிப் பக்கங்களில் குடியிருந்தன. மங்காவின் வேரை எங்காவது தொட்டுக் காட்டச் சொன்னால் ஓவியப் பாணியைக் காட்ட மாட்டேன், இந்தத் தொழில்நுட்ப வசதியைத்தான் காட்டுவேன்.

மஞ்சள் அட்டைப் புத்தகம் எப்படி இருக்கும்?

கையடக்கமான புத்தகம். ஐந்து தாள்களை மடித்தால் பத்துப் பக்கங்கள். அது ஒரு பகுதி. இரண்டு அல்லது மூன்று பகுதிகள் சேர்ந்தால் ஒரு கதை. பெரும்பாலும் புத்தாண்டில் புதுசாக வரும். அதற்கு முன் சிவப்பு, கருப்பு, நீல அட்டைகளில் குழந்தைக் கதைகளும் நாடகக் கதைச் சுருக்கங்களும் வந்துகொண்டிருந்தன. 1775-இல் கொய்காவா ஹாருமாச்சி என்ற சாமுராய் தானே எழுதி வரைந்த ஒரு கதையோடு இந்தச் சந்தை பெரியவர்களுக்குரியதாக மாறியது.

கதை எளிது. பிழைப்புத் தேடி எடோவுக்குப் புறப்பட்ட கின்பெய் என்ற ஏழை இளைஞன், மெகுரோவில் ஒரு தினைப் பணியாரக் கடையில் உட்கார்கிறான். பணியாரம் வெந்து வருவதற்குள் கண்ணயர்ந்துவிடுகிறான். பணக்கார வணிகர் ஒருவர் தன்னைச் சுவீகாரம் எடுப்பதாகவும், எடோவின் தாசி வீதியான யோஷிவாராவில் செல்வத்தை வாரி இறைப்பதாகவும், கடைசியில் துரத்தப்படுவதாகவும் கனவு. விழித்துப் பார்த்தால் பணியாரம் இன்னும் வேகவில்லை. இவ்வளவுதான் வாழ்க்கை என்று ஊருக்கே திரும்பிவிடுகிறான். நோ எனப்படும் பழைய மரபு நாடகம் ஒன்றின் தத்துவத்தைப் பணியாரக் கடையில் வைத்துக் கிண்டல் செய்கிறார் ஹாருமாச்சி. யார் எந்த மாதிரி உடுத்துகிறார்கள், எப்படிச் சிகை அலங்கரிக்கிறார்கள் என்பதையெல்லாம் அன்றைய எடோ நாகரிகப்படியே வரைந்திருந்தார். வாசகர்கள் துள்ளிக் குதித்ததற்குக் காரணம் அதுதான்.

பத்து ஆண்டுக்குப் பிறகு, 1785-இல், சாந்தோ கியோதென் வந்தார். எழுத்தும் அவரே, படமும் அவரே. அவருடைய நாயகன் என்ஜிரோ ஒரு கோடீஸ்வர வணிகரின் மகன். சப்பை மூக்கு. காதல் மன்னன் என்று ஊர் பேச வேண்டும் என்பது ஒன்றே அவன் ஆசை. பழைய காதலிகளின் பெயர்களைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறான்; அப்படி யாரும் இருந்ததில்லை. சிலவற்றைச் சூடு போட்டு அழித்தும் வைக்கிறான், ‘முறிந்துபோன காதல்’ என்று காட்டுவதற்காக. தன்னைப் பற்றிய வதந்தியை அச்சிட்டுத் தெருவில் கூவி விற்கக் கூலி கொடுக்கிறான். யாரும் வாங்குவதில்லை. கடைசியில் ஒரு தாசியுடன் பொய்யாக இணைத் தற்கொலை நாடகம் போடப் போய், திருடர்களிடம் துணியையும் பறிகொடுத்து அம்மணமாகத் திரும்புகிறான். திருடர்களாக வந்தது அவனுடைய அப்பாவும் கடைக் கணக்கரும். இந்தக் கதைக்குப் பின் எடோவில் சப்பை மூக்குக்குக் ‘கியோதென் மூக்கு’ என்றே பெயர் வந்துவிட்டது. பிரபலமாவதற்காக எதையும் செய்யும் என்ஜிரோவை இன்றைய வாசகருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

படத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். பாத்திரத்தின் சட்டைக் கையில் அவன் பெயரின் ஓர் எழுத்து பொறித்திருக்கும். கூட்டத்துக்குள் நின்றாலும் நாயகனை வாசகர் தவறவிட மாட்டார். அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே ஆளைத் தொடரச் செய்ய வேண்டும் என்ற சிக்கலை அவர்கள் யோசித்துத் தீர்த்திருக்கிறார்கள். படக்கதையின் அடிப்படைச் சிக்கலே அதுதான்.

பேச்சுக் குமிழி, கட்டங்கள், வேகக் கோடுகள் எல்லாம் அப்போதே வந்துவிட்டனவா?

குமிழி இருந்தது, ஆனால் பேச்சுக்கு அல்ல, கனவுக்கு. கின்பெய் தூங்கும் பக்கத்தில் அவனிடமிருந்து மெல்லிய வாலோடு எழும் பெரிய குமிழி ஒன்றுக்குள் பல்லக்கும் பரிவாரமும் வருகின்றன. வசனத்துக்குக் குமிழி தேவைப்படவில்லை. வெற்றிடம் முழுவதும் எழுத்துதான்.

கட்டங்கள் அனேகமாக இல்லை. விரித்த பக்கம் ஒன்றுக்கு ஒரு காட்சி என்பதே பொது வழக்கம். ஒரு பக்கத்துக்குள் ஆறு, ஏழு கட்டங்களாகக் காலத்தை நறுக்கும் வித்தை மேற்கத்தியச் செய்தித்தாள் படத்தொடர்களோடு பின்னால் வந்தது.

கோடுகள் விஷயத்தில் ஹொகுசாய்க்கு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். 1815-இல் அவர் வெளியிட்ட, தனியாக நடனம் பழகுவதற்கான கையேட்டில் கைகால் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதைக் கோடுகளால் காட்டினார். பாகின் எழுதிய சாகச நெடுங்கதை ஒன்றுக்கு 1807 முதல் 1811 வரை வரைந்த படங்களில் வெடிப்புக் காட்சியில் கோடுகள் மையத்திலிருந்து சிதறிப் பாய்கின்றன. இன்றைய மங்கா பக்கத்தின் பக்கத்தில் வைத்தால் உறவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவரைப் பார்த்துத்தான் இவர்கள் வரைந்தார்கள் என்று கோடு இழுத்துவிட முடியாது.

இவற்றையெல்லாம் யார் படித்தார்கள்?

எடோவின் கடைக்காரர்கள், கைவினைஞர்கள், பெண்கள், வேலையில்லாமல் நேரம் தள்ளிய சாமுராய்கள். படங்களுக்கு இடையே ஓடிய எழுத்து பெரும்பாலும் ஒலியை மட்டும் குறிக்கும் எளிய கானா எழுத்தாக இருந்ததால் அதிகம் படிக்காதவர்களும் படித்தார்கள். ஒற்றைத் தாள் வண்ணப்படம் ஒன்று ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை என்று சொல்வது வழக்கம். புத்தகத்தை வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூலகர் இருந்தார். மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். 1808-இல் எடோவில் மட்டும் 656 வாடகை நூலகங்கள் இருந்தன.

அரசாங்கம் சும்மா இருந்ததா?

இல்லை. முதலில் மஞ்சள் அட்டைக்காரர்களே அரசாங்கத்தைச் சும்மா விடவில்லை. 1787-இல் தலைமை அமைச்சரான மாத்சுதாய்ரா சாதானோபு, சாமுராய்கள் படிப்பிலும் போர்ப்பயிற்சியிலும் ஈடுபட வேண்டும், சிக்கனமாக வாழ வேண்டும் என்று கண்டிப்பான சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தார். உடனே அதைக் கேலி செய்து புத்தகங்கள் வந்தன. 1789-இல் ஹாருமாச்சியும் ஒன்று எழுதினார். விசாரணைக்கு அழைப்பு வந்தது. உடல்நலமில்லை என்று போகாமல் இருந்தார். அந்த ஆண்டே இறந்துபோனார். தற்கொலை என்ற பேச்சு அப்போதிலிருந்தே உண்டு.

1790-இல் ஒற்றைப் படங்களுக்குத் தணிக்கை முத்திரை கட்டாயமானது. 1791-இல் கியோதென் மாட்டினார், தாசி வீதியைப் பற்றிய உரைநடைப் புத்தகங்களுக்காக. ஐம்பது நாட்கள் கைவிலங்கோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று தண்டனை. அவருடைய பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவின் சொத்தில் பாதியைப் பறிமுதல் செய்தார்கள். சுதாயா அதற்கெல்லாம் அசையவில்லை. உதாமாரோ என்ற ஓவியரை வளர்த்தெடுத்தார். 1794-இல் ஷாராகு என்ற, யாரென்றே தெரியாத ஓவியரை இறக்கி, நடிகர்களின் கோணல் மூக்கையும் மாறுகண்ணையும் மறைக்காமல் காட்டும் பெரிய முகப்படங்களை வெளியிட்டார். ஷாராகு பத்து மாதம் வரைந்துவிட்டுக் காணாமல் போனார்.

நையாண்டி அடங்கியதும் மஞ்சள் அட்டைக் கதைகள் பழிவாங்கும் கதைகளாக நீண்டன. 1806 வாக்கில் பல பகுதிகளைச் சேர்த்துத் தைக்கும் தொகுப்புப் புத்தகம் அதன் இடத்தைப் பிடித்தது. அவற்றில் ஒன்று, தானெஹிகோ எழுத குனிசாதா வரைந்த ‘போலி கெஞ்சி’ கதை, 1829 முதல் 1842 வரை தொடராக ஓடியது. அடுத்த பகுதிக்காக ஊரே காத்திருக்கும் தொடர் வியாபாரம் அது. அடுத்து வந்த சீர்திருத்த அலையில் அதற்கும் தடை விழுந்தது.

அச்சுப்பட ஓவியர் குனியோஷி ஏன் இவ்வளவு பூனை வரைந்தார்?

முதல் காரணம், அவருக்குப் பூனை பிடிக்கும். பட்டறை முழுக்கப் பூனைகள் என்பார்கள். இரண்டாவது காரணம் தணிக்கை. 1840-களின் தொடக்கத்தில் நடிகர்களையும் தாசிகளையும் படமாக்கக் கூடாது என்று ஆணை வந்தது. நடிகரின் முகத்தைப் பூனைக்கு வைத்தால் சட்டம் என்ன செய்யும்? இன்னொரு முறை, யாரோ ஆணியால் கிடங்குச் சுவரில் கிறுக்கியதுபோல நடிகர்களின் முகங்களை வரைந்தார். வேண்டுமென்றே கோணல்மாணலான அந்தக் கோடுகள் ஜப்பானிய அச்சுக் கலையிலேயே ஆகப் புதுமையானவை என்பது என் கருத்து. 1843-இல் மண் சிலந்தி ஏவிய பேய்ப்படை தூங்கும் தலைவன் ஒருவனைச் சூழும் மூன்று தாள் படம் போட்டார். தூங்குபவன் ஷோகுன், பேய்கள் சீர்திருத்தத்தால் நொந்துபோன மக்கள் என்று ஊர் படித்துக்கொண்டது. வில்லங்கம் வருமென்று பயந்து பதிப்பாளரே கட்டைகளை அழித்துவிட்டார்.

நிலநடுக்கத்துக்கும் கெளுத்தி மீனுக்கும் என்ன தொடர்பு?

பூமிக்கு அடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி இருக்கிறது. காஷிமா தெய்வம் அதன் தலையைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறது. தெய்வம் அசந்தால் மீன் புரளும், நிலம் நடுங்கும் என்பது நம்பிக்கை. 1855 நவம்பர் 11 இரவில் எடோ குலுங்கியது. பழைய நாட்காட்டிப்படி அது பத்தாம் மாதம். தெய்வங்களெல்லாம் இசுமோ என்ற புனிதத் தலத்தில் கூடும் மாதம். காவல் தெய்வம் வெளியூர் போனதால் வந்த வினை என்று ஊர் பேசியது.

சில நாட்களிலேயே கெளுத்திப் படங்கள் தெருவில் விற்பனைக்கு வந்தன. ஓவியர் பெயரும் இல்லை, தணிக்கை முத்திரையும் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள். சிலவற்றில் மக்கள் மீனை அடித்து நொறுக்குகிறார்கள். சிலவற்றில் வீடு கட்டும் வேலை குவிந்ததால் கொழுத்த தச்சர்களும் கொத்தர்களும் அதற்கு விருந்து வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் பேசுவது அவரவர் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. அன்றைய செய்தி, கேலி, கோபம், பேச்சு எல்லாம் ஒரே தாளில். எனக்குத் தெரிந்தவரை மரக்கட்டை அச்சு அரசியல் கார்ட்டூனுக்கு மிக அருகில் வந்த தருணம் இது. சுமார் இரண்டு மாதத்தில் அரசு அடக்கிவிட்டது.

பிறகு மரக்கட்டை எப்போது போய்ச் சேர்ந்தது?

மெல்ல மெல்ல. 1862-இல் சார்லஸ் விர்க்மன் என்ற ஆங்கிலேயர் யோகோஹாமாவில் ‘ஜப்பான் பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். ஐரோப்பியக் கார்ட்டூன்தான், ஆனால் தொடக்கத்தில் அதை அச்சிட்டது மரக்கட்டையில், ஜப்பானியத் தாளில். அதைப் பார்த்து, குனியோஷியிடம் சிறுவனாகப் படித்த ஓவியர் கியோசாயும் எழுத்தாளர் கானாகாகி ரோபுனும் 1874-இல் ஜப்பானியர்களே நடத்தும் கேலி இதழைத் தொடங்கினார்கள். சில இதழ்களோடு நின்றுபோனது. கியோசாய் சாதாரண ஆள் அல்ல. 1870-இல் ஒரு குடிவிருந்தில் வரைந்த படத்துக்காகச் சிறைக்குப் போய்வந்தவர். ‘பஞ்ச்’ என்ற இதழ்ப் பெயரிலிருந்து கேலிப்படத்துக்கே ‘பொஞ்சி படம்’ என்று பெயர் நிலைத்தது.

1894-95-இல் நடந்த சீனப் போர் வண்ணப்படங்கள்தான் மரக்கட்டையின் கடைசிப் பெருவிற்பனை. கல்லச்சும் புகைப்படமும் அதன் பிறகு களத்தை எடுத்துக்கொண்டன. 1902-இல் ஜிஜி ஷிம்போ நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கிதாசாவா ராகுதென் படத்தொடர்களை வெளியிட்டார். அந்த இணைப்பின் பெயரிலேயே ‘மங்கா’ இருந்தது. 1905-இல் அவர் தொடங்கிய வண்ண இதழ் ‘டோக்கியோ பக்’. அவர் தொழில் கற்றது யோகோஹாமாவில், ஆஸ்திரேலியக் கார்ட்டூனிஸ்ட் ஒருவரிடம்.

அப்படியானால் நவீன மங்காவின் முன்னோடி தெசுகா ஒசாமுவுக்கும் எடோவுக்கும் தொடர்பே இல்லையா?

நேர்வாரிசு இல்லை. 1947-இல் ஒசாகாவின் மலிவு விலைப் புத்தகச் சந்தையில் புகழ்பெற்ற தெசுகாவின் கண்முன் இருந்தவை டிஸ்னி படங்களும் அமெரிக்கப் படத்தொடர்களும். ஆய்வாளர்கள் இதில் இரு கட்சி. ஒரு கட்சி சுருள் ஓவியத்திலிருந்து தெசுகா வரை ஒரே ஆறாக வரைபடம் போடும். மற்றது, மெய்ஜி காலத்தில் (1868–1912) ஆறு வறண்டு, மேற்கிலிருந்து புது நீர் வந்தது என்று வாதாடும். நான் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ஓவியப் பாணி அறுந்ததே தவிர வாசிப்புப் பழக்கம் அறவில்லை. வலமிருந்து இடமாகப் படிப்பது, பெரியவர்களும் வெட்கப்படாமல் படக்கதை வாங்குவது, ஓவியரைவிடப் பதிப்பாளர் வலுவாக இருப்பது ஆகிய எல்லாம் தொடர்ந்தன. 1950-களில் வாடகை நூலகங்களுக்கென்றே தனியாக மங்கா தயாரித்தார்கள். எடோவில் மூட்டை சுமந்தவர் இங்கே கடை போட்டு உட்கார்ந்திருந்தார்.

எடோ அச்சுப் படத்திலிருந்து நேராகவே மங்காவுக்கு வந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல முடியுமா?

பேய்கள். உதாமாரோவின் குருவான தொரியாமா செகியென் 1776-இல் தொடங்கி வெளியிட்ட பேய்ப் பட்டியல் புத்தகங்களில், பக்கத்துக்கு ஒரு பூதம் என்று பெயரோடு வரைந்து வைத்தார். வாடகை நூலகச் சந்தையிலிருந்து வந்த மங்கா ஓவியர் மிசுகி ஷிகெரு, 1960-களில் அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டே தன் பூதங்களை உருவாக்கினார். இரண்டையும் அருகருகே வைத்தால் சிலவற்றில் நின்ற நிலைகூட மாறவில்லை. இன்று அனிமேயில் வரும் பல பூதங்களின் முகம் செகியென் வரைந்து, கட்டையில் வெட்டப்பட்ட முகம்தான்.

‘கனகாவா பேரலை’ மங்காவா?

இல்லை. அது 1831 வாக்கில் வந்த, ஹொகுசாயின் தனித் தாள் நிலக்காட்சி. டி-ஷர்ட்டுகளில் இரண்டையும் கலந்துவிட்டார்கள்.

பீங்கான் பொதிந்து வந்த தாளில்தான் ஐரோப்பா ஹொகுசாயைக் கண்டுபிடித்ததாமே?

1856-இல் பாரிஸ் ஓவியர் பிராக்மோன் ஓர் அச்சகத்தில் அப்படிக் கண்டெடுத்தார் என்பது எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. இனிய கதை, நம்புவதற்குச் சான்று போதாது. நாகசாகியில் மருத்துவராக இருந்த சீபோல்ட் அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே தன் ஜப்பான் நூலில் ‘ஹொகுசாய் மங்கா’ படங்களை எடுத்தாண்டுவிட்டார். பிராக்மோன் 1866-இல் ஹொகுசாயின் மீன்களையும் பறவைகளையும் உணவுத் தட்டுகளில் வரைந்தது மட்டும் உறுதி.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

டோக்கியோ போனால் சுமிதா பகுதியில் 2016-இல் திறந்த ஹொகுசாய் அருங்காட்சியகம். அவர் பிறந்த வட்டாரம் அது. பக்கத்து சைதாமாவில் ராகுதென் வாழ்ந்த இடத்திலேயே நகராட்சியின் மங்கா அருங்காட்சியகம் இருக்கிறது. கியோதோவில் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் பன்னாட்டு மங்கா அருங்காட்சியகம். போக முடியாதவர்கள் ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகமும் வசேதா பல்கலைக்கழகமும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய நூல்களைப் புரட்டலாம். ஒரே தலைப்பின் இரண்டு படிகள் கிடைத்தால் பக்கத்தைச் சுற்றியுள்ள சட்டக்கோட்டை முதலில் பாருங்கள். அது முழுசாக, கூராக இருந்தால் முந்தைய அச்சு. ஆங்காங்கே உடைந்து, தலைமுடிக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்திருந்தால், அந்தக் கட்டை நிறைய உழைத்துவிட்டது, புத்தகம் நன்றாக விற்றிருக்கிறது என்று பொருள்.